சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை யாங்கோனில் தாமுவே பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது, யாரும் தொடவில்லை. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன விஷயம்? அவள் மகன் சிவாவுக்குக் கப்பல் வேலை கிடைத்துவிட்டது! சந்தோஷ சமாசாரம்தானே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வடதுருவக் கடலுக்குப் போகுதாம்டா தம்பி. ஐஸை உடைச்சிக்கிட்டு முன்னாடி ஒரு கப்பல் போகுமாம். அது அணுவுல ஓடுதாம்!"

சிவாவுக்குத் தமிழைவிட பர்மியம்தான் வேகமாக வரும். இரண்டையும் கலந்து விளக்கினான். முன்னால் போகும் கப்பலில் அணு உலைக்கு ஏதாவது ஆகிவிட்டால், பின்னால் வரும் சரக்குக் கப்பல்காரர்கள் என்ன செய்ய வேண்டும்? அதற்குத்தான் இப்போது பயிற்சி. ரேடியேஷன் சைரன் அடித்தால் உள்ளே ஓட வேண்டும். கதவு, ஜன்னல், காற்று வரும் வழி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். சொன்னதும் அயோடின் மாத்திரையை விழுங்க வேண்டும். அப்புறம்... காத்திருக்க வேண்டும்.

பயிற்சியில் சைரன் அடித்ததும் நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? வாசலைப் பார்த்து ஒரே ஓட்டம்! அவன் மட்டுமா? வகுப்பே ஓடியிருக்கிறது. மியான்மரையே உலுக்கிய அந்தப் பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் யாங்கோனில் யாருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை? லாரி போய்த் தரை அதிர்ந்தாலே நான் செருப்பில்லாமல் தெருவில் நிற்கிறேன்.

"எல்லாரும் செத்தாச்சு, போங்கன்னு வாத்தியார் திட்டினார் மாமா" என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"காப்பாத்த எப்போடா வருவாங்க?"

"தூரம்மா... ஐஸ் வேற. நாள் கணக்கா ஆகலாம்."

 எனக்குக் கோபம் வந்தது. அந்த வழியாகச் சரக்கு போகாவிட்டால் உலகம் முழுகியா போய்விடும்?

"போகாதே! வேற கப்பலே கிடைக்காதா? கிடைக்கிற வரைக்கும் வீட்ல இரு!" என்று கத்திவிட்டேன். பெரிய மனுஷன் பேச்சு!

அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல இருந்தா? பக்கத்து வீட்டுப் பையனைக் கதவைத் தட்டி, கட்டாயமா பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போனது உனக்குத் தெரியாதா? இன்னிக்கு வரைக்கும் ஒரு போன் இல்லை. அவனும் வீட்லதானே இருந்தான்?"



"அங்கே சைரன் அடிச்சாத்தான் பயம். இங்கே கதவைத் தட்டினாலே பயம்" என்றாள். எழுந்துபோய் அவன் பெட்டியில் கம்பளிச் சட்டையை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை ஏர்போர்ட். சிவா உள்ளே போய்விட்டான். பட்டாள வயசுப் பையன்களை வெளிநாடு போக விடாமல் தடுக்கிறார்களே, இமிக்ரேஷன் அதிகாரி விடுவாரா, திருப்பி அனுப்புவாரா... வெளியே நின்ற அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "தாண்டிட்டேம்மா" என்று போன் வந்த பிறகுதான் விட்டாள்.

மறுநாள் காலையில் விசாரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாளாம்.

பிள்ளையை அணு உலைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு ஒரு தாய் நிம்மதியாகத் தூங்குகிறாள் - அப்படிப்பட்ட ஊரில்தான், ஐயா, நாம் இருக்கிறோம்!