விழாத சாமுராய்

இரண்டாயிரமாம் ஆண்டு. வவுனியா நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் வேலை செய்தேன். கொழும்புக்குப் போன முதலாளி, அங்கே பிள்ளைகள் ஒரு சாமுராய் சண்டை கேம் விளையாட முண்டியடித்து அடிபடுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, அப்பிடி ஒண்டு நாங்களும் செய்வம். வகுப்புக்குச் சனம் தானா வரும்."

நான் புரோகிராம் எழுத, றெஜினா படம் கீறினார். முள்ளிவாய்க்காலில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். சாமுராயை ஒரு கலண்டரில் மட்டுமே பார்த்தவர். அதனால் அவருடைய சாமுராய் வள்ளத்தில் நிற்பவனைப் போலக் காலை அகட்டி நின்றான். வாளுக்குப் பதிலாகக் கூட்டுகிற தும்புத்தடியோடு என்னை நிற்கவைத்து வாள்வீச்சைக் கீறினார். கை கடுத்தாலும் இறக்க விடமாட்டார்.

அவருக்கு அவசரம் இருந்தது. யுத்தகாலம்; வன்னியிலிருந்து வந்தவர்கள் வவுனியாவில் தங்கப் படையினரிடம் பாஸ் எடுக்கவேண்டும். அவருடைய பாஸ் வியாழக்கிழமையோடு முடிகிறது. நீட்டிக்க வேலைக் கடிதம் வேண்டும். கேம் சரிவந்தால் கடிதம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். றெஜினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பிரேம் கீறுவார், எழும்பி வாசலைப் பார்ப்பார், திரும்ப வந்து இருப்பார். அந்தப் பதகளிப்பு எனக்கும் தொற்றிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முதலாளியின் புதுப் பென்டியம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினோம். கண்மூடித் திறப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

"என்ன தம்பி இது? ரெண்டு பேர் நிண்டாங்கள், பிறகு ஒருத்தனைக் காணேல்லை!"

பிழை என்னுடையது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் கம்ப்யூட்டரைச் சும்மா இலக்கங்களை எண்ணவிட்டு நேரத்தைக் கடத்தியிருந்தேன். எங்கள் பழைய 486 மிஷின் ஆறுதலாக எண்ணியது. புது மிஷின் ஒரே மூச்சில் எண்ணித் தள்ளிவிட்டது.

"மிஷின் வேகம் சேர். மாத்தித் தாறன்."

"மாத்தும். படமெல்லாம் முடிஞ்சுதுதானே? அப்ப இந்தப் பிள்ளையை இனி மினக்கெடுத்தத் தேவையில்லை."

றெஜினாவின் முகம் செத்துப்போனது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யோசனையும் கூடவே வந்தது. றெஜினா கீறிமுடித்திருந்த விழும் படங்கள் ஓடிய வேகத்தில் முதலாளியின் கண்ணில் படவேயில்லை.

"எங்க சேர் முடிஞ்சது? வெட்டு வாங்கினவன் விழுற படம் ஒண்டும் கீறேல்லை. அதுதான் ஆளைக் காணேல்லை."

றெஜினா என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியை.

"ஓம் சேர். விழுத்திறதுதான் கஷ்டமான வேலை. கனநாள் எடுக்கும்."

முதலாளி தலையைச் சொறிந்தார்.

"சரி, கடிதத்தை அடியும். கையெழுத்து வைக்கிறன்."

அன்று பின்னேரமே அந்த எண்ணும் லூப்பை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் மணிக்கூட்டோடு ஓடும்படி மாற்றினேன். வெட்டுப்பட்டவன் முழங்கால் மடங்கி, வாளை ஊன்றி, அழகாகச் சரிந்தான். நாங்கள் இருவரும் மட்டும் பார்த்தோம். பிறகு அந்தப் படங்களை ஒரு ஃபிளாப்பியில் போட்டு ஒளித்துவைத்தோம்.

கேம் செய்யும் பிள்ளைகளே, நேரத்தை எப்போதும் மணிக்கூட்டிலிருந்து எடுங்கள். கூட வேலை செய்பவரின் கையில் பாஸ் வரும்வரை, வேலை முடிந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லாதீர்கள்.