இடிமுகனின் தொண்டை

“இடிமுகனுக்குன்னு ஒரே ஒரு தொண்டைதான். இன்னொண்ணு இனிமேதான் பிறந்து வரணும்!” என்று ஒரு பொம்மைக் கடைத் திறப்பு விழாவில் மேடையேறி முழங்கியவர், காலையில் எழுந்ததும் முதல் காரியமாக வெந்நீரில் உப்பைக் கரைத்து, அண்ணாந்து, கொளகொளவென்று கொப்பளிப்பார். எவ்வளவு நேரம் கொப்பளிக்கிறார் என்பதை வைத்தே அன்றைக்கு ரெக்கார்டிங் உண்டா இல்லையா என்று கீழ்வீட்டில் கணித்துவிடுவார்கள்.

இடிமுகனை அறியாத பெரியவர்களுக்கு ஒரு விளக்கம். அவன் ஓர் எந்திர வில்லன். உருமாறுவது தொழில்; உலகத்தை அழிப்பது உபதொழில். காமிக்ஸில் பீரங்கி வண்டியாக மாறுவான். கார்ட்டூனில் விமானமாக மாறுவான். மேகம் வரைவது சுலபம் அல்லவா! பொம்மையில் மட்டும் குப்பை லாரி ஆகிவிடுவான். தொழிற்சாலையில் மிச்சம் கிடந்த சக்கரங்கள் அதற்குத்தான் பொருந்தின என்று கேள்வி. குழந்தைகள் மூன்றையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கார்ட்டூனில் அவனுக்குக் குரல் கொடுக்கும் நம்மவருக்குத்தான் இன்னும் மனத்தாங்கல்.

“உலகத்தையே மிரட்டுறவன் போயும் போயும் குப்பை அள்ளுவானா?”

“அள்ளினா என்ன குறைஞ்சு போச்சு? அவனாவது அள்ளட்டும், இந்த வீட்டுல வேற யாரு அள்ளுறா?” என்பார் மனைவி.

ஆள் பார்ப்பதற்கு வில்லனின் கணக்குப்பிள்ளை மாதிரி இருப்பார். ஒல்லி உடம்பு, வெயிலிலும் கழுத்தைச் சுற்றி மஃப்ளர். கடை வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால், “பரவாயில்லைங்க, போங்க” என்று ஒதுங்கி வழிவிடுவார். “அந்தக் குரல்ல ஒரு அதட்டு அதட்டினா என்னங்க?” என்று மனைவி கேட்டால், “அது கம்பெனி சரக்கும்மா. சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது” என்று பதில் வரும்.

அவர் பேசி அனுப்பும் குரலை ஸ்டுடியோவில் ஒரு மெஷினுக்குள் விட்டு, தகரத்தில் உரசியதுபோல் ஆக்கித்தான் ஒளிபரப்புகிறார்கள். அந்த மெஷினைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவருக்குப் பிடிக்காது. “மெஷின் பவுடர் பூசுது. மூஞ்சி யாரோடது?”

பேசுவது படுக்கையறையின் சுவர் அலமாரிக்குள். ஓர் ஆள் உள்ளே நிற்கலாம். மடித்து வைத்த போர்வைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால், உலகத்தை அழிக்கும் சபதங்கள் எல்லாம் போர்வைகளுக்கு நடுவிலிருந்துதான் புறப்படுகின்றன. ஒத்திகையின்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மற்றப் பாத்திரங்களை மனைவி படிப்பார். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை; நம்மவரைவிட ஒரு சாண் குள்ளம். வெள்ளை நிறக் கதாநாயக எந்திரம், ஓடுகிற ஜனங்களின் கூச்சல், அபாயச் சங்கு எல்லாம் அவர் பொறுப்பு. நடுநடுவே திருத்தமும் உண்டு. “சிரிப்பு மூக்குலேர்ந்து வருதுங்க. வயித்துலேர்ந்து வரணும்.” உடனே அலமாரிக்குள்ளிருந்து குரல் வரும்: “நீ படிச்சா போதும்மா. நடிக்க வேண்டாம்.”

போன வாரம், கடைசி எபிசோடில் இடிமுகன் போடும் பெருங்கூச்சலை ஒத்திகை பார்க்கும்போது, கூச்சல் பாதியில் நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, சத்தத்தைத்தான் காணவில்லை. தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்த டாக்டர், குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். “ஒரு மாசம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூடக் கூடாது. மீறினீங்கன்னா இருக்கறதும் போயிடும்.”

ஸ்டுடியோ ஒரு மாதம் காத்திருக்காது. மறுநாளுக்குள் ரெக்கார்டிங் வராவிட்டால், கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவரே இடிமுகனுக்கும் பேசுவார், இனி எப்போதும் அவரேதான் என்று சொல்லிவிட்டார்கள். நன்மையும் தீமையும் ஒரே வாயிலிருந்து வந்தால் செலவு குறையும் என்பது அவர்கள் தத்துவம்.

நம்மவர் கட்டிலில் உட்கார்ந்து, பள்ளியிலிருந்து மனைவி கொண்டுவந்து கொடுத்த சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வேணா பேசிப் பார்க்கட்டுமா?” என்றார் மனைவி.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்புக்கு டாக்டர் தடை விதிக்கவில்லை.

“மெஷின்தான் இருக்கே?”

சாக்பீஸை எடுத்து ‘மூஞ்சி?’ என்று எழுதிக் காட்டினார்.

அப்போது போன் அடித்தது. கதாநாயகக் குரல்காரர். மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னண்ணே, குரல் போயிடுச்சாமே! ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க இடிமுகனை நான் தத்து எடுத்துக்கறேன். அவன்கிட்ட கொஞ்சம் இனிமை பத்தாது. அதையும் சேர்த்துடலாம்னு இருக்கேன்.”

நம்மவர் பாய்ந்து எழுந்தார். வாய் திறந்தது. மனைவி ஒரு கையால் அந்த வாயைப் பொத்தி, மறு கையால் போனைத் தன் வாயருகே கொண்டுபோனார்.

“அடேய், வெள்ளைத் தகரமே! இடிமுகன் தொண்டைக்கு விலை பேச எவனுக்கடா துணிச்சல்?” பிறகு ஒரு சிரிப்பு. வயிற்றிலிருந்து வந்தது. இடையில் மெஷின் ஏதும் இல்லை.

எதிர்முனையில் குரல் குழைந்தது.

“அண்ணே... சரியாயிடுச்சா? சும்மா தமாஷுக்குச் சொன்னேண்ணே. நீங்களே பேசிடுங்க. நான் ஸ்டுடியோவுக்குச் சொல்லிடறேன். வச்சுடறேண்ணே!”

போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, மனைவி புருஷன் வாயிலிருந்து கையை எடுத்தார். “கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சோ?” என்றார் தன் சொந்தக் குரலில்.

நம்மவர் சிலேட்டைத் தலையணைமேல் கவிழ்த்து வைத்தார். அலமாரிக் கதவைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவே கையை விட்டு, மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கை ஒரு சாண் கீழே இறக்கினார்.