மீனம்மாவின் வெள்ளைப் பிள்ளை

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் 1953இல் பவளம் பிறந்தபோது, பிரசவம் பார்த்த மருத்துவச்சியே பிள்ளையை விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடம்பு பால்வெள்ளை. தலைமுடி தும்பைப்பூ நிறம். இமை மயிர்கூட வெள்ளை. பெற்ற மீனம்மா கறுப்பு, புருஷன் சோலைமலை அவளைவிடக் கறுப்பு. அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் குடியிருந்த நான் வெந்நீர் கொண்டுபோனேன். பிள்ளையைப் பார்த்ததும் பாதித் தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது.

முந்திய வருஷம் மீனம்மா தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை பங்களாவில் கொஞ்ச நாள் புல் வெட்டியிருந்தாள். லயத்துக்கு அது போதாதா? அன்றைக்கே 'தொரப்புள்ள' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தத் துரைக்குச் செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. பிள்ளையிடம் அந்தச் சாடை துளியும் கிடையாது. கண் இருக்கிறவர்கள் பார்த்தால் தெரியும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

சோலைமலை அவளுக்கு அந்நியன் இல்லை, சொந்த அத்தை மகன். பிள்ளையைத் தரையில் கிடத்தி, அதைத் தாண்டிச் சத்தியம் செய்தாள் மீனம்மா. பெற்ற பிள்ளையைத் தாண்டி எவளாவது பொய் சொல்வாளா? அவன் நம்பாமல் அவளுடைய பாயையும் பானையையும் வெளியே எறிந்தான். பிறகு மஸ்கெலியாப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மீனம்மாவின் தங்கை ராசம்மா வயதுக்கு வந்து கல்யாணத்துக்கு நின்றபோது, அவர்கள் அப்பன் அவளைச் சோலைமலைக்கே கட்டிக்கொடுத்தான். மூத்தவள் கெடுத்த பேரை இளையவளை வைத்துக் கழுவினானாம்.

மீனம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள், கொழுந்து பறித்தாள், பிள்ளையை வளர்த்தாள். பவளத்துக்கு வெயில் ஆகாது. கண் நிலைகொள்ளாமல் ஆடும். எதையும் மூக்கருகே வைத்துத்தான் பார்ப்பாள். அவளுக்குப் பத்து வயதானபோது தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் நுவரெலியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

கண் பார்த்தவர் டாக்டர் சரிபுதீன். கண்டிப் பக்கத்து முஸ்லிம். நன்றாகத் தமிழ் பேசுவார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தமா?" என்று கேட்டார்.

மீனம்மா திடுக்கிட்டாள். "அத்தை மவங்க. உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? எல்லாரும் தொரப்புள்ளன்னுதான் சொல்றாங்க."

டாக்டர் விளக்கை அணைத்து வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நம்ம உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காம்பராவால ஆனது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு ஆபீஸ் இருக்கு. அதுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒண்ணு, முறுக்கிவிட்ட நூலேணி மாதிரி. அதோட படியில நாலே நாலு எழுத்துத்தான் மாறி மாறி வரும். உடம்புல என்னென்ன செய்யணும்ங்கிற உத்தரவு எல்லாம் அதுலதான் இருக்கு."

"உத்தரவா?" என்றேன் நான்.

"ஆமா. அந்த உத்தரவு ஆபீஸை விட்டு வெளிய வராது. தோட்டத்துல துரையா மலைக்கு வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் வேலை சொல்றாரு? கங்காணிதானே கொண்டு வர்றாரு? அதுபோல ஆர்.என்.ஏ.ன்னு ஒத்தை இழை ஒண்ணு, உத்தரவைப் படியெடுத்துக்கிட்டு வெளிய வரும். வெளிய இருக்கிற வேலைக்காரங்க அதை மூணு மூணு எழுத்தாப் படிப்பாங்க. மூணு எழுத்துக்கு ஒரு மணின்னு கோத்துக்கிட்டே போவாங்க. அந்த மாலைதான் புரதம். எந்த மூணு எழுத்துக்கு எந்த மணின்னு இப்பதான் ஒவ்வொண்ணாக் கண்டுபிடிக்கிறாங்க."

பவளத்தின் முடியைத் தொட்டார். "கறுப்பு நிறம் உண்டாக ஒரு புரதம் வேணும். இவளுக்கு அந்த உத்தரவுல எழுத்துப் பிழை. கோத்த மாலை வேலைக்கு ஆகலை. எல்லாருக்கும் உத்தரவு ரெண்டு பிரதி. தாய்கிட்ட இருந்து ஒண்ணு, தகப்பன்கிட்ட இருந்து ஒண்ணு வரும். ஒண்ணு சரியா இருந்தாலே நிறம் வந்துரும். உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான தாத்தா பாட்டில ஒருத்தர்கிட்ட இருந்த பிழை உங்களுக்கும் வந்திருக்கு, வீட்டுக்காரருக்கும் வந்திருக்கு. இவகிட்ட ரெண்டும் சேர்ந்துருச்சு. துரைக்குப் பிறந்திருந்தா அவரோட நல்ல பிரதி வந்திருக்கும். முடி கறுத்துத்தான் இருக்கும்."

எந்த வெள்ளையைக் காட்டிச் சோலைமலை இவளைத் துரத்தினானோ, அந்த வெள்ளைதான் இவள் பக்கம் பேசுகிறது. பத்து வருஷமாக எங்கள் கண்ணெதிரே நடமாடிய சாட்சி. எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

மீனம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் டாக்டர் பக்கம் குனிந்தாள். "என் தங்கச்சி அவரத்தாங்க கட்டியிருக்கா. ஏழு மாசமா முழுகாம இருக்கா. அவளுக்கும் இந்தப் பிழை இருக்குமா?"

டாக்டரே அதிர்ந்துபோனார். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தா, பொறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு பயம் இருக்கு."

ராசம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்திப் பல காலம். 'தொரப்புள்ள' என்று அவள் வாயாலேயே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவளைப் பார்க்கப் போகாதே என்று மீனம்மாவிடம் சொன்னேன். "என்னைய மாதிரி அவளும் தெருவுல நிக்கணுமா மதினி?" என்றாள்.

குழந்தை பிறந்த சேதி வந்ததும் பவளத்தையும் கூட்டிக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போனோம். லயத்து வாசலில் கூட்டம். அந்தத் தோட்டத்துத் துரை சிங்களவர், எங்களைவிடக் கறுப்பு. யார் மேல் பழி போடுவதென்று தெரியாமல் திகைத்து நின்றார்கள். உள்ளே ராசம்மாவின் மடியில் பால்வெள்ளையாக ஒரு ஆண்பிள்ளை. ராசம்மா அக்காவைப் பார்த்ததும் பிள்ளையை முந்தானையால் மூடினாள்.

சோலைமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "உங்க குடும்பத்து ரத்தமே சரியில்ல" என்றான்.

"பாதி அவ குடுத்தது. பாதி நீங்க குடுத்தது" என்றாள் மீனம்மா. டாக்டர் சொன்னதை, ஆபீஸ், கங்காணி, மணிமாலை என்று ஒன்று விடாமல் சொன்னாள். "ஒங்க பாதி இல்லாம இது இப்பிடிப் பொறக்காது. அன்னிக்குப் பொறந்ததும் அப்பிடித்தான். இவளத் தொரத்துறதா இருந்தா மொதல்ல நீங்க வெளிய போங்க."

அவன் ராசம்மாவின் மடியில் கிடந்த பிள்ளையையும் பவளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே முடி, ஒரே இமை. எழுந்து வந்து பவளத்தின் முன்னால் மண்டியிட்டான். அவள் வழக்கம்போல முகத்தை மிக அருகே கொண்டுபோய் அவனை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"ஒங்கப்பன் தாயி" என்றான். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

பவளம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கேலியாகவோ கோபமாகவோ சொல்லவில்லை. அறிவு தெரிந்த நாளாகத் தன் காதில் விழுந்ததைத்தான் சொன்னாள்.

"இல்லங்க. எங்கப்பா தொரைங்க."