மேற்கே வைத்த திருகு

பரங்கிப்பேட்டை முஹம்மது இஸ்மாயில் விமானப்படையில் பதின்மூன்று வருஷம் இருந்தவர். பறக்கிறவர் இல்லை, விமானத்துக்கு வழி கணக்குப் போடும் பெட்டியைத் தயார்செய்து கொடுக்கிறவர். ஊரில் பாதிப்பேர் அவரை பைலட் என்றே நினைத்தார்கள். அவரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அந்தப் பெட்டி திசைகாட்டியை வைத்துக் கணக்குப் போடும். திசைகாட்டி முள்ளோ எல்லா ஊரிலும் சரியான வடக்கைக் காட்டாது. நம் பக்கத்தில் கொஞ்சம் மேற்கே சாயும். வடநாட்டில் கொஞ்சம் கிழக்கே. அந்தச் சாய்வைப் பெட்டியில் ஒரு திருகைத் திருப்பி வைத்துக் கொடுக்க வேண்டும். இஸ்மாயில் வைப்பார், கூட வேலைபார்த்த கீரப்பாளையத்து வைத்திலிங்கம் ஏறிப் பார்ப்பார், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சட்டம் அப்படி. நடந்தது வேறு. இவர் உள்ளிருந்து "வச்சாச்சு மச்சான்" என்பார்; அவர் கீழே நின்றபடியே "சரி மச்சான்" என்று கிறுக்கிவிடுவார். ஐந்து வருஷம் தெற்கே ஒரே தளத்தில் இருந்தவர்கள், தினமும் அதே திருகை ஏறிப் பார்ப்பார்களாக்கும்!

1966இல் அவர்களை வடக்கே மாற்றினார்கள். போன மூன்றாம் நாளே ஒரு விமானம் நாற்பது மைல் வழிதவறி, எண்ணெய் தீர்ந்து, மணல்வெளியில் வயிறு தேய இறங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை. அதில் வழி சொல்லும் அதிகாரியாகப் போயிருந்த மணவாளன், வழக்கப்படி எல்லாத் திருகையும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் வெளியே வந்தார். பெட்டியைச் சோதித்தார்கள், ஒரு பழுதுமில்லை; திருகு முன்பு எங்கே இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அப்படியானால் தப்பு மணவாளனுடைய கணக்கில்தான் என்று, விசாரணை முடிவதற்குள்ளேயே அவரைப் பறக்காமல் உட்காரவைத்தார்கள்.

லீவில் ஊருக்கு ரயிலில் வரும்போதுதான் இஸ்மாயிலுக்கு உறைத்தது. அந்த விமானத்துக்குத் திருகு வைத்தது அவர்தான்; கிழக்கே வைக்க வேண்டியதை அன்றும் கைப்பழக்கத்தில் மேற்கேதான் வைத்திருக்கிறார். ஊரில் இறங்கியதுமே, அவரைப் போலவே லீவில் வந்திருந்த வைத்திலிங்கத்தைத் தேடிக் கீரப்பாளையம் போனார்.

"பொட்டி நல்லாருக்குன்னு அவுங்களே சொல்லிட்டாங்க. நீ ஏன் மச்சான் வாயக் குடுத்து மாட்டிக்கிற?" என்றார் வைத்திலிங்கம்.

"அந்த மனுசன் பண்ணாத தப்புக்கு உக்காந்திருக்காரு."

"ரெண்டு வருசத்துல உனக்கு பென்சன். என் சோத்துலயும் மண்ணப் போடாத."

இஸ்மாயில் ஊருக்குப் பஸ் ஏறினார். மனைவி ருக்கையாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். "நீங்க எழுதாம இருந்தா நிம்மதியாத் தூங்குவீங்களாங்க?" என்று கேட்டுவிட்டு, அவளே பேனாவை எடுத்துவந்து வைத்தாள். நடந்ததை நடந்தபடி விசாரணைக்கு எழுதினார்.

மணவாளன் மறுபடி பறந்தார். வைத்திலிங்கத்துக்குப் பதவி ஒரு படி இறங்கியது. இருவருக்கும் பேச்சும் அன்றோடு நின்றது. இஸ்மாயிலை வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் கிடையாது. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகளின் திசைகாட்டிகளைப் பழுதுபார்க்கப் போனார். மீனவர்களும் அவரை பைலட் பாய் என்றார்கள். எரிச்சலாக வந்தது, ஆனாலும் என்ன செய்ய?

1968இல் மணவாளனிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது.

'கிளம்பும் முன் அந்தத் திருகை நானும் பார்க்க வேண்டும். பார்க்காமலே பார்த்ததாகக் குறித்தேன். இறங்கியபின் பூஜ்யத்துக்குத் திருப்பும்போதுதான் அது மேற்கே இருந்ததைக் கண்டேன். கணக்குப் பிசகு என்றால் தண்டனை கொஞ்சம். பொய்யாகக் குறித்தது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. விசாரணைக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்தபிறகும், திருகு எங்கே இருந்தது என்று நினைவில்லை என்றே சொன்னேன். மன்னியுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.'

இஸ்மாயில் கடிதத்தை ருக்கையாவுக்குப் படித்துக் காட்டினார். பதின்மூன்று வருஷ வேலை போயிற்றே என்றார்.

"மேல அனுப்புங்க. அவரும்தான் பாக்கலன்னு தெரியட்டும்," என்றாள் ருக்கையா.

"நான் ஏன் அனுப்பணும்? என் தப்ப நான் எழுதினேன். அவரு தப்பையும் நானே எழுதணுமா?"

கடிதத்தை ஒரு புதுக் கவரில் போட்டு, மணவாளனுக்கே திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு:

'சார், இது எனக்கு வரவேண்டிய கடிதம் இல்லை. விசாரணை செய்தவர்களுக்குப் போக வேண்டியது. விலாசம் உங்களுக்குத் தெரியும்.'