முப்பது கேள்வியும் முழுச் சைபரும்

ஞானேஸ்வரி ரீச்சர் இருபத்தெட்டு வருடமாக எல்லாப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையிலும் ஒரே வசனத்தைத்தான் எழுதிவந்தார்: ‘நல்ல பிள்ளை. இன்னும் முயற்சி செய்யலாம்.’ வகுப்பில் முதலாம் பிள்ளைக்கும் அதுதான், கடைசிப் பிள்ளைக்கும் அதுதான். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் மரநிழலுக்கும் கோயில் மடத்துக்கும் ஓலைக் கொட்டிலுக்குமாக இடம்பெயர்ந்து திரிந்தபோதும் அந்த வசனம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. முரசுமோட்டையில் புருசன் பெண்சாதி சண்டை பிடித்தால், “நான் ரீச்சரிட்டை நல்ல பிள்ளை எண்டு பேரெடுத்தவன்” என்று அவரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். மற்றவரும் அதே பேரை எடுத்தவர் என்பதால் வழக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

அது 2004. சண்டை ஓய்ந்து பாதை திறந்து இரண்டு வருடம். நெல்லுக்கு அடுத்தபடியாக அந்தப் பக்கம் நன்றாக விளைந்தது பயிற்சிப் பட்டறைதான். நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரும். வாய்க்கால் வெட்டுவது எப்படி என்று வாய்க்கால் வெட்டினவர்களுக்கே படம் போட்டுக் காட்டும். சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டுப் போகும். அப்படி வந்ததுதான் பிள்ளைகளின் நடத்தையை அளக்கும் படிவமும். கொண்டுவந்தவன் றிஃபாத். வவுனியாப் பெடியன், வயது இருபத்தாறு, மோட்டார்சைக்கிளை நிற்பாட்டியதும் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து பேசத் தொடங்குகிறவன்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் முப்பது கேள்வி, ரீச்சர். ஒருநாளும் இல்லையெண்டா சைபர், சிலநேரம் எண்டா ஒண்டு, எந்த நேரமும் எண்டா ரெண்டு. நீங்கள் ஒண்டு நிரப்போணும், தாய் ஒண்டு நிரப்போணும். ரெண்டையும் கூட்டி, ஆகக் கூடின அஞ்சு பேரோட உளவளத்துணை அக்கா புதன்கிழமையில வந்து கதைப்பா. மூண்டு மாசத்துக்குத்தான் வருவா.”

“கூடப் புள்ளி எடுத்தால் கெட்டிக்காரரோ, தம்பி?”

“இல்லை ரீச்சர். கூட எடுத்தால் கூடப் பிரச்சினை.”

“உப்பிடியும் ஒரு சோதினையோ!”

முப்பத்துநான்கு படிவங்களையும் ரீச்சர் இடைவேளைத் தேநீர் ஆற முன்னமே முடித்துவிட்டார். எல்லாம் சைபர். அலுமாரிக்குள் தவளை விட்டவனுக்கு மட்டும், மனச்சாட்சி உறுத்தியதால், ஒரேயொரு ஒன்று. ஒரு பிள்ளை குழப்படி என்று எழுதினால், அந்த வகுப்பை வைத்திருப்பது யார் என்ற முப்பத்தோராவது கேள்வியும் கூடவே வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

தாய்மாரின் படிவம் அடுத்த நாள். கையேட்டின்படி அவர்கள் தனித்தனியே இருந்து நிரப்ப வேண்டும். ஆனால் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மீதிப் பாதிக்குப் படிவத்தின் தமிழ் விளங்கவில்லை. ‘சகபாடிகளுடனான இடைவினையில் பின்வாங்கும் இயல்பு’ என்று அதில் ஏதோ கிடந்தது. ஆகவே றிஃபாத் கரும்பலகைக்கு முன்னால் நின்று கேள்வியை உரத்து வாசித்து, மனிதர் பேசும் தமிழில் விளக்கி, ஒவ்வொரு தாயாகக் கேட்டு எழுதினான்.

“பொய் சொல்லுறவவோ, அக்கா?”

“வாய் திறந்தால் பொய்தான்,” என்றாள் கமலாசனி. வகுப்பில் முதலாம் பிள்ளையின் தாய் அவள். “ரெண்டு போடுங்கோ.”

“களவெடுக்கிற பழக்கம்?”

“எங்கட சீனிப் போத்தலைக் கேட்டுப் பாருங்கோ, அது சொல்லும்.”

“சொல்வழி கேக்கிறேல்லையோ?”

“என்ர சனியனோ? தம்பி, உதில மூண்டு இல்லையோ?” என்று பின்வரிசை வாங்கிலிருந்து இன்னொருத்தி.

ஒருத்தியின் பிள்ளையை மற்றவளின் பிள்ளை குழப்படியில் முந்த விடக்கூடாது என்பதுபோல் இரண்டுகள் குவிந்தன. கடைசி வாங்கில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தாள் அன்னபாக்கியம், சின்னராசாவின் மனைவி. முப்பது கேள்விக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: “அப்பிடி ஒண்டுமில்லை. நல்ல பிள்ளை.” மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து றிஃபாத் கணக்கோடு வந்தான்.

“ரீச்சர், எங்கட நிறுவனக் கந்தோரில எல்லாரும் பயந்துபோச்சினம். வீட்டில இருக்கிற நேரம் இந்த வகுப்புப் பிள்ளையள் அத்தனைக்கும் கடும் பிரச்சினை. பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வைச்ச உடன எல்லாம் சுகம். உங்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகினமாம்.”

“எழுதட்டும். ஆர் அந்த அஞ்சு பேர்?”

“முதல் கமலாசனி அக்காவின்ர மகள், ஐம்பத்தேழு. முப்பத்துநாலு பேரிலயும் ஆகக் கடைசி அன்னபாக்கியம் அக்காவின்ர மகள் கிருசாந்தி. தாயும் சைபர், நீங்களும் சைபர். முழுச் சைபர். இந்த வகுப்பிலயே சுகமான பிள்ளை அவதான்.”

ரீச்சர் தேநீரைக் கீழே வைத்தார்.

“தம்பி, உங்கட தாயார் நாலு பேருக்கு முன்னால உங்களை நல்ல பிள்ளை எண்டு சொல்லுவாவோ?”

“எங்கட உம்மாவோ? எனக்கு இந்த வேலை கிடைச்ச அண்டைக்கே, ஒண்டுக்கும் உதவாதது எண்டுதான் பக்கத்து வீட்டுக்குச் சொன்னவ.”

“ஏன் சொன்னவ?”

“கண் பட்டிடும் எண்டு...” றிஃபாத்தின் கை தானாகவே தலைக்கவசத்தைக் கழற்றியது.

நாவூறுக்குப் பயந்து பிள்ளையைத் திட்டுகிறவளிடம், திட்டித் தீர்க்க ஒரு நல்ல பிள்ளை இருக்கிறது. முப்பது பெண்கள் கேட்டிருக்க, ‘நல்ல பிள்ளை’ என்று முப்பது தரம் சொன்னவளுக்கு என்ன இருக்கிறது? ஐந்து இடம், மூன்று மாதம். அந்தக் கூட்டல் கணக்கில், என்ன பிரச்சினை இருந்தாலும் கிருசாந்திக்குக் கதவு இல்லை.

மறுநாள் ரீச்சர் பாடம் நடத்தியபடியே கிருசாந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலோர வாங்கு. முதுகில் புத்தகப் பை. கணிதத்துக்கும் முதுகில், சித்திரத்துக்கும் முதுகில், சாப்பிடும்போதும் முதுகில். ‘கிருசாந்தியைப் பாருங்கோ, தன்ர சாமானில எவ்வளவு கவனம்’ என்று ஒரு வருடமாக மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தவர் ரீச்சர்தான். பத்தரைக்குப் பக்கத்து வகுப்பில் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். முப்பத்துமூன்று தலைகள் திரும்பின. கிருசாந்தி அதற்குள் வெளியே ஓடி மதிலடியில் குந்தியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் வந்து இருந்துகொண்டாள். இதையும் ரீச்சர் எத்தனையோ தடவை கண்டிருக்கிறார். தண்ணி குடிக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தார்.

பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிருசாந்தி வீட்டுக்குப் போனார். அந்த ஒழுங்கையில், சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பதுங்க வெட்டிய எல்லா வீட்டுப் பங்கர் குழிக்கும் மறுவாழ்வு கிடைத்திருந்தது. ஒன்றில் வாழை, ஒன்றில் எருக்குவியல். ஒருவர் அதற்குள் கோழி வளர்த்தார். சின்னராசா வீட்டுப் பங்கர் மட்டும் மண்மூட்டை குலையாமல், வாசல் கூட்டித் துப்புரவாக இருந்தது.

“பிள்ளை எங்க, அன்னபாக்கியம்?”

“உங்கினேக்கை விளையாடுறாள், ரீச்சர். நல்ல பிள்ளை.”

“அதைக் கேட்டுத்தான் வந்தனான். உம்மட பிள்ளையை நானும் நல்ல பிள்ளை எண்டுதான் எழுதினனான். ரெண்டு பேரும் பொய் சொல்லியிருக்கிறம் போல கிடக்கு.”

அன்னபாக்கியம் குசினி வாசலில் இருந்து பங்கரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் அதற்குள் இறங்கினால் பொழுதுபடத்தான் ஏறுவாள். தகப்பன் போன வருசம் அதை மூடப் போனார். பிள்ளை இரண்டு நாள் பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை. அவர் மண்வெட்டியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

“ஏனம்மா அதை அண்டைக்குச் சொல்லேல்லை?”

“பெடியன் பேரெழுதினவனெல்லோ, ரீச்சர். பிள்ளையின்ர பேரை எழுதிக்கொண்டு போன தாள் ஒண்டாவது எங்களுக்கு நல்லது செய்ததோ? குறையெண்டு எழுதினால் ஒரு பக்கம் கொண்டு போவினம், கெட்டிக்காரி எண்டு எழுதினால் இன்னொரு பக்கம், சண்டைக்கு. சைபர் எண்டால் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சன்.”

ரீச்சரிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரே வசனம். அது இங்கே பொருந்தாது. “பேரெழுதாமல், புதன்கிழமை அந்த அக்காவோட கதைக்கப் பிள்ளையை விடுவீரோ?” என்று கேட்டார்.

“நானும் கூட வருவன்.”

“வாரும்.”

கிருசாந்தியையும் சேர்க்கச் சொல்லி ரீச்சர் கேட்டபோது, றிஃபாத் முதலில் தலையைச் சொறிந்தான். “ரீச்சர், கணக்கில அஞ்சு பேர்தான். ஆறாவது ஆளைச் சேர்த்தால் கந்தோரில ஆதாரம் கேப்பினம்.”

“ஆதாரம் கேட்டால் என்னைப் பற்றின கட்டுரையை நிப்பாட்டச் சொல்லுங்கோ. முப்பத்துநாலு படிவமும் நான் பாராமல் போட்டது எண்டு கையெழுத்து வைச்சுத் தாறன். வீட்டில எல்லாம் வருத்தம், பள்ளிக்கூடத்தில எல்லாம் சுகம் எண்ட அந்தக் கதையும் அதோட முடிஞ்சிடும்.”

“வலயக் கல்விக் கந்தோரில உங்களைக் கேள்வி கேப்பினமே?”

“கேக்கட்டும். இருபத்தெட்டு வருசமா ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை.”

அவர் எழுதித்தான் கொடுத்தார், நாலு வரியில். வலயத்திலிருந்து விளக்கம் கோரி ஒரு கடிதமும் வந்தது. அது பிறகு.

புதன்கிழமை நூலக அறையில் உளவளத்துணை அக்கா ஐந்து கோவைகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார். கமலாசனியின் மகள் முதலில் போய், சீனிப் போத்தலைத் தான் தொடவேயில்லை என்று கண்ணீரோடு வாதாடிவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். மற்ற நான்கு பேருக்கும் அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. அக்கா கோவைகளை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் பையோடு ஒரு பிள்ளையும் பக்கத்தில் ஒரு தாயும் நின்றார்கள்.

“இவவின்ர படிவம் எங்க, ரீச்சர்?”

“படிவம் இல்லை. தாய் வந்திருக்கிறா. அவவைக் கேளுங்கோ.”

அக்கா பேனையை எடுத்தார். அன்னபாக்கியம் பேனையைப் பார்த்தாள். அக்கா அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு, வாசலுக்கு நேரே இருந்த கதிரையைக் கிருசாந்திக்குக் காட்டினார். கதவைச் சாத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் அன்னபாக்கியம் வாய் திறந்தாள். மதிய மணி அடித்தும் அவள் நிறுத்தவில்லை.