எதிர்த்துப் பேச ஓர் ஆள்

என் அக்காள் முருகம்மாளின் புருஷன் இசக்கியப்பன், குற்றாலத்தில் மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில் செய்தார். சாரல் மாதங்களில் அருவிக்கரை. மற்ற மாதங்களில் ஆய்க்குடியில் அண்ணன்மாரோடு வயல் வேலை. ஆனால் அவருடைய உண்மையான தொழில் அபிப்பிராயம் சொல்வதுதான் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் இறங்கிவிடுமே என்று கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் என்ன பதில் சொல்வான்? ஆகவே ஜில்லாவில் மேடையேறி முழங்கிய பெரிய மனிதர்கள் பலர், அத்தான் முன்னால் குனிந்து உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டிருக்கிறார்கள்.

சாமி உண்டு என்பார், பூசாரியைத்தான் சந்தேகப்படுவார். பகுத்தறிவுக் கூட்டத்துக்குப் போய்க் கை வலிக்கத் தட்டிவிட்டு, திரும்பும் வழியில் ஆய்க்குடி முருகனுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருவார். "இது என்ன அத்தான் கூத்து?" என்று கேட்டால், "கூட்டத்துக்குப் போகலேன்னா பேசுதவரு வருத்தப்படுவாரு. முருகனும் அப்பிடித்தாம்ல" என்பார்.

எங்கள் ஊர் புளியறை. அக்காள் கல்யாணத்தின்போது அது மலையாளத்துப் பக்கம் இருந்தது. ஐம்பத்தாறில் செங்கோட்டைத் தாலுகா இந்தப் பக்கம் வந்து சேர்ந்த அன்று, "இத்தன நாளா வேத்து ஊரு ராஜ்ஜியத்துக்காரிக்குல்லா சோறு போட்டிருக்கேன்" என்று அக்காளைச் சீண்டினார். "போட்டது நீரு, பொங்கினது யாரு?" என்று அக்காள் அகப்பையை ஓங்கினாள்.

வீட்டுக்கு வெளியே அவரை எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முகம்மது கனி. கதர்ச் சட்டை, பழைய காங்கிரஸ்காரர். ஐம்பத்திரண்டிலிருந்து ஒரு சாரல் தவறாமல் வந்துகொண்டிருந்தார். கண் எரிந்தாலும் சரி என்று, "ஏலே இசக்கி, நிறுத்து" எனத் திரும்பி உட்கார்ந்து பதில் சொல்வார். அவர் பிறந்தது சுந்தரபாண்டியபுரம். எந்த ஊர்க் குளத்து மீன் ருசி என்பதில் தொடங்கி, பெண் பிள்ளைகளை எதுவரை படிக்க வைக்கலாம் என்பது வரை இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்று கிடையாது. அறுபத்தேழு தேர்தலில் கனி பாயின் சொந்தக்காரர்களே அத்தானுடைய கழகத்துப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர் அசையவில்லை. "ரூவாய்க்கு மூணு படி அரிசின்னு குதிச்சியே, தென்காசிக்கு எங்கலே வந்துச்சு?" என்று அந்தச் சாரல் முழுக்க அத்தானை வறுத்தெடுத்தார். இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள் என்று பயந்து குளிக்க வந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் கனி பாயின் தலை அத்தான் கையில் இருந்தது.

அறுபத்தெட்டு வைகாசிக் கடைசியில் கனி பாய்க்கு வாதம் கண்டு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. கால் மெல்ல வந்துவிடும், பேச்சுதான் சந்தேகம், ஒரு மாதத்துக்குள் ஒரு சொல்லாவது வராவிட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி ஹாஜரா பீவி அத்தானுக்கு ஆள் அனுப்பினார். கால் தேய்த்துவிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் அத்தானும் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நின்றோம். பீவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"அண்ணே, பாக்க வாரவங்க எல்லாரும் அவுக கையை அசைச்சாலும் ஆமா, காலை அசைச்சாலும் ஆமான்னு தலையாட்டிட்டுப் போறாங்க. அவுக செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாக. எதுத்துப் பேச இங்கன ஒரு ஆளில்ல. நீங்க வந்து சண்டை போடுங்கண்ணே."

அப்போது ஆனிச் சாரல் பிடித்திருந்தது. அருவிக்கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். காலை நேரம்தான் அந்தத் தொழிலுக்கு உயிர். அதை விட்டுவிட்டுத் தினமும் தென்காசிக்குப் போகிறாரே என்று அக்காள் முதலில் முணுமுணுத்தாள். பிறகு அவளே, "போங்க, வீட்டுல பேசுததை அங்கன போய்ப் பேசுங்க. என் காதும் கொஞ்சம் குளிரட்டும்" என்று கஞ்சியை ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். எனக்கு அப்போது தென்காசியில் ஓர் அரிசி ஆலையில் வேலை, தங்கியிருந்தது அக்காள் வீட்டில். அத்தானைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மழையில் மிதிப்பேன்.

அத்தான் சண்டை போட்டார். செத்துக் கிடந்த காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே காங்கிரஸைக் கிழித்தார். சுந்தரபாண்டியபுரத்துக்காரன் எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான் என்றார். கதர் உடம்பை அரிக்கும் என்றார். "பள்ளிவாசல்ல அஞ்சு நேரம் ஓதுன வாயி, எனக்கு ஒரு நேரம் பேசப்பிடாதா வே?" என்று கெஞ்சலாகவும் கேட்டுப் பார்த்தார். கனி பாயின் கண்கள் மட்டும் அவர் முகத்துக்கு வந்து, மறுபடியும் சுவருக்குப் போகும். கால் விரல்கள் அசையத் தொடங்கின. வாய் அசையவில்லை.

டாக்டர் சொன்ன ஒரு மாதத்தில் இருபத்தாறு நாள் ஆயிற்று. அன்று வழி நெடுக அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் அவர் வாயை எப்போது மூடுவார் என்று காத்திருந்த எனக்கு, அன்றைக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் போனவர் எண்ணெயைத் தொடவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து கனி பாயின் விழுந்துபோன கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நான் தோத்துட்டேன் வே. நீரு இத்தன வருசமா சொன்னதெல்லாம் சரி. கட்சி, ஊரு, மீனு, பிள்ளையள படிக்க வைக்கது, எல்லாமே நீரு சொன்னதுதான் சரி. நான் வீம்புக்குப் பேசினேன்."

கனி பாய் சுவரை விட்டுத் திரும்பினார். முகம் சிவந்துபோயிற்று. தன்னை முடிந்துபோன ஆள் என்று நினைத்துத்தான் இசக்கி விட்டுக்கொடுக்கிறான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அதை அவரால் பொறுக்க முடியவில்லை. இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழும்பப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். வாய் கோணி எச்சில் வழிந்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது.

"பொ... பொ..." என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும், "பொய்லே" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஹாஜரா பீவி "யா அல்லா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தான், பிடித்திருந்த அந்தக் கையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"ஆமா வே, பொய்தான்! நீரு சொன்னதுல ஒண்ணுகூடச் சரியில்ல" என்று ஏங்கி ஏங்கி அழுதார்.