குளிரறையில் ஒரு சம்பந்தி

ஊரார் காய்கறி வைக்கும் குளிரறையில் சம்பந்தியை உட்காரவைத்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விவசாயிகள் சேர்ந்து, கூரையில் சோலார் போட்டுக் கட்டிய சின்ன அறை அது. என் கொல்லையை ஒட்டி இருந்ததால் சாவி என்னிடம். அது கைக்கு வந்ததிலிருந்து எனக்கு மிராசுதார் நடை வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவேன்.

அக்னி நட்சத்திரம். மகளின் மாமனார் சாப்பிட வந்திருந்தார். இலையில் பாயசம் விழும்போது கரண்ட் போனது. அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் சம்பந்திக்கு வியர்க்கலாமா?

"நம்மகிட்ட ஏசி ரூமே இருக்கு, வாங்க சம்பந்தி!"

உள்ளே நாற்காலி போட்டேன். மூச்சுமுட்டக் கூடாதென்று கதவிடுக்கில் ஒரு செங்கல்லும் வைத்தேன்.

அங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணின் மல்லிகைக் கூடைகள் இருந்தன. விடியற்காலையில் பறித்த மொட்டுகள். மறுநாள் ஒரு கல்யாண வரவேற்பின் மாலைகளுக்காக டவுன் பூக்கடைக்குப் போக வேண்டியவை. மொட்டு மலராமல் வந்தால் தினமும் அவளிடமே எடுப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். "என்னா வாசனைங்க! வந்தப்ப இவ்வளவு இல்லியே?"

"நம்மூரு மல்லின்னா சும்மாவா?" என்றேன், ஏதோ நானே பூத்ததுபோல. பிறகு இருவரும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனோம்.

சாயங்காலம் அவள் வந்தாள். கொல்லையிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, கதவு தெறந்திருக்கா?"

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"மூடுன மொட்டுக்கு ஏதுண்ணே இவ்வளவு வாசனை?"

கூடைகளைத் திறந்தாள். எல்லாம் வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தன. அங்கேயே நின்று கடைக்குப் போன் செய்தாள். மலர்ந்த பூ மாலைக்கு நிற்காது, வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர். தினப்படி பேச்சையே எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பூவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

காய் வாடும், மொட்டு மலரும் பொழுதைத் தள்ளிப்போடத்தான் அந்த அறையைக் கட்டினோம். செங்கல் வைத்து அந்தப் பொழுதை உள்ளே அழைத்தவன் நான். அந்த வாசனையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவள் வருமானம் மணத்துக்கொண்டிருந்தது, நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "இத நீயே வச்சுக்கம்மா."

வேண்டாமென்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று நினைத்தேன். உடனே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே சம்பந்திக்கு வேர்த்தா விசிறி விடுங்க. கை இருக்குல்ல?"